கூட்டுத் தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

இந்த ஆடிப் பட்டத்துக்கு எங்கள் தோட்டத்தில் மூன்று குடும்பங்கள் புதிதாகச் சேர்கின்றன. ஒவ்வொரு வருடமும் புதியவர்களைக் கிணற்று மேட்டில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவேன். எப்படிப் பேசினாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போனதுதான் அந்த வருடம் வம்பாக வந்து நிற்கும். அதனால் இந்த முறை எழுதியே வைத்துவிட்டேன். வேறு ஊரில் இப்படிச் சேர்ந்து தோட்டம் போடுகிறவர்களுக்கும் உதவட்டும்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டம் இருப்பது கன்னங்குறிச்சி தாண்டி, சேர்வராயன் மலை அடிவாரத்தில். 40 சென்ட் இடம். இடத்துக்காரர் தாத்தாவுக்கு உழ உடம்பு ஒத்துழைக்கவில்லை, விற்கவும் மனசு வரவில்லை. ஆளுக்கு இரண்டு சென்ட் வீதம் 11 பங்கு. ஒரு பங்கு என்பது 870 சதுர அடி சொச்சம், ஒரு குடும்பத்துக்குக் காய்கறி காணும். மிச்ச இடத்தில் கிணறு, மோட்டார் ரூம், நடைபாதை, ஆறு தென்னை, உரக்குழி.

சொந்தத் தோட்டத்தில் அரிவாளை எங்கே போட்டோம் என்று போட்டவருக்குத் தெரியும். இங்கே நீங்கள் போட்ட அரிவாளை மிதிக்கப்போவது இன்னொருவர், அதுவும் விடிந்தும் விடியாத நேரத்தில். அதனால் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் முதல் பாடம், சொல்லிவிட்டுச் செய்வது. மோட்டார் ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையும் சாக்பீஸ் டப்பாவும் இருக்கின்றன. "5-ஆம் பாத்தியில் குழி வெட்டியிருக்கிறேன், மூடவில்லை", "வேப்பெண்ணெய் அடித்தேன், நாளை மாலை வரை பறிக்க வேண்டாம்", "தென்னை ஓலைக்குப் பக்கத்தில் பாம்புச் சட்டை கிடந்தது" என்று எது செய்தாலும், எதைப் பார்த்தாலும் தேதி போட்டு எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. ஆனால் கையில் மண்வெட்டியோடு உள்ளே நுழைகிறவர் போனைப் பார்ப்பதில்லை, பலகையைப் பார்ப்பார்.

சரி, பாம்பில் ஆரம்பிக்கிறேன். மலையடிவாரம், பக்கத்தில் ஏரி, எல்லார் பாத்தியிலும் எலி. பாம்பு வராமல் இருக்காது.

போன வருடத்துக்கு முந்தின கார்த்திகையில் ரயில்வே மாமா தன் இஞ்சிப் பாத்தியில் ஈரம் காக்கப் போட்டிருந்த கோணிச் சாக்கைத் தூக்கினார். கையால் தூக்கவில்லை, மண்வெட்டியின் நுனியால் தள்ளித் தூக்கினார். அவர் பிழைத்தது அதனால்தான். உள்ளே இருந்து குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சத்தம், நிற்காமல் நீண்டுகொண்டே வந்தது. இரண்டு பாத்தி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. போய்ப் பார்த்தால் கண்ணாடி விரியன். தடித்த மண் நிற உடம்பு, முதுகு நெடுக நீள்வட்டக் கண்ணிகள் மூன்று வரிசை, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு. பட்டறையில் நாள் முழுக்கக் கண்ணி கோக்கிறவன் நான். இவ்வளவு சீரான கோப்பை நான் பார்த்ததில்லை. அப்படியே பின்பக்கமாகவே அடி வைத்து நகர்ந்து, எல்லாரும் வெளியே வந்து, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தோம். அவர்கள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அடிக்கப் போகாதீர்கள். பாம்பை அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் நிறையப் பேர்.

வராமல் தடுக்க முடியாது, ஒளிய இடம் கொடுக்காமல் இருக்கலாம். தென்னை ஓலை, செங்கல், பழைய ஓடு எதையும் தரையில் குவிக்காதீர்கள். கல் வைத்து, அதன்மேல் பலகை போட்டு, முழங்கால் உயரத்தில் அடுக்குங்கள். செடியடியில் இலைதழை பரப்பி மூடாக்கு போடுவது மண்ணுக்கு நல்லது, நானும் போடுகிறேன். ஆனால் நான்கு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம், நடைபாதையை ஒட்டியும் வேண்டாம். களை எடுக்கும் முன் ஒரு நீளக் கம்பால் செடியின் அடியைத் தட்டிவிட்டுக் கையை விடுங்கள். வெறுங்கால் கூடாது, செருப்பும் போதாது, கணுக்கால் மூடுகிற ஷூ வேண்டும். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. கட்டுவிரியன் இரவில் வருவது. அது கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, பல் பட்ட அடையாளமும் சரியாகத் தெரியாது. சில மணி நேரம் கழித்து வயிறு வலிக்கும், கண் இமை தொங்கும், பேச்சு குழறும். அதனால் கடித்ததா இல்லையா என்று சந்தேகம் இருந்தாலே ஆஸ்பத்திரிதான்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, மஞ்சள் பூசிக்கொண்டு உட்காரக் கூடாது. விரியன் கடியில் கை கால் வீங்கும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று அந்தக் காலே போய்விடலாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் ஒரு குச்சி வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். கொலுசு செய்கிறவனே சொல்கிறேன், திருகாணி வரவில்லை என்றால் கட்டரால் வெட்டிப் போடுங்கள். புதிதாக நான் செய்து தருகிறேன். மணி என்ன என்று குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் சொல்கிறேன். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். பாம்பை அடித்துக் கையோடு கொண்டுபோக வேண்டியதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். விரியன் விஷம் ஏறியதா என்பது அதில் பிடிபடும். (அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் முக்கியமானவர்கள். சங்கம் 1978-இல் தொடங்கியது. அவர்களை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.)

அடுத்து மருந்து அடிப்பது. இதில் தப்பு செய்தவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வருடம் என் அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சி மொய்த்துக் கொழுந்தெல்லாம் சுருண்டுவிட்டது. கடையில் கேட்டு ஒரு பாட்டில் வாங்கிவந்து காலை பத்து மணிக்கு அடித்தேன். மலையிலிருந்து காற்று இறங்குகிற நேரம். என் கொடிக்கு அடுத்தது பூக்கடை அக்காவின் அரைக்கீரைப் பாத்தி. புகை மாதிரி அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன், பார்த்தும் மனசில் படவில்லை. சாயங்காலம் பட்டறையில் இருக்கும்போதுதான் சுருக்கென்றது. போன் செய்தால், அக்கா கீரையைப் பறித்துக்கொண்டு போய் ஆய்ந்துகொண்டிருந்தார். மறுநாள் பாத்தி முழுவதையும் பிடுங்கிக் குழியில் போட்டார், நானும் கூட நின்று பிடுங்கினேன். அவர் திட்டவில்லை. "உங்க பாப்பாவுக்கு இந்தக் கீரையைக் கடைஞ்சு குடுப்பீங்களா தம்பி?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

அன்றிலிருந்து கடை மருந்து எங்கள் வேலிக்குள் வருவதில்லை. பூச்சி மருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு இருப்பதிலேயே கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், அதற்கும் கீழே நீலம், பிறகு பச்சை. பச்சை என்றாலும் விஷம்தான். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்தைக் காய்கறியில் அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. யாராவது "சும்மா ஒரு மூடி" என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வேப்பெண்ணெய் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, எண்ணெய் கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்து காற்று அடங்கிய பிறகு, இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசலும் நல்லதுதான். ஆனால் மிளகாய்ச் சாரல் கண்ணில் பட்டால் உயிர் போகிற எரிச்சல். பக்கத்துப் பாத்தியில் ஆள் இருந்தால் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, நீங்களும் கண்ணாடி மாட்டிக்கொண்டு அடியுங்கள். எந்தக் கரைசலையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வருகிற குழந்தை பாட்டிலின் உருவத்தைத்தான் பார்க்கும்.

எலிக்கு வைக்கிற பேஸ்ட்டை உள்ளே கொண்டுவரவே கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள அந்தப் பேஸ்ட் உள்ளே போனால் ஈரல் கெடும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. எலிக்குப் பொறிக்கூண்டு இரண்டு பொதுவில் வாங்கி வைத்திருக்கிறோம், எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் மாவட்டம் மரவள்ளி மாவட்டம். சில வருடங்களுக்கு முன் மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்து நுனியெல்லாம் கொத்தாகச் சுருண்டுபோனது நினைவிருக்கும். அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவியை வரவழைத்துப் பெருக்கி, 2022-இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். கடுகளவுகூட இல்லாத குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்து அதைத் தீர்த்துவிடும். நாம் மருந்தடித்தால் முதலில் சாவது இந்த மாதிரி குளவிகள்தான். அப்புறம், யாரிடமாவது மரவள்ளிக் குச்சி வாங்கி வந்தால் பூச்சியும் குச்சியோடு வரும். உள்ளே கொண்டுவரும் முன் வெளிச்சத்தில் கணு கணுவாகத் திருப்பிப் பாருங்கள், கூடவே எந்த ரகம் என்றும் கேளுங்கள். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கசப்பு ரகத்தில் சயனைடு அதிகம். தின்கிற ரகத்தைக்கூடத் தோல் நீக்கி, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். பச்சையாகக் கடிக்கக் குழந்தைகளை விடாதீர்கள். பிடுங்கிப் போட்ட தழையை வேலிக்கு வெளியே எறியாதீர்கள், மேய வருகிற ஆடு தின்றால் செத்துப்போகும்.

தண்ணீர் டிரம், கேன் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் தொழிலில் ஆசிட் புழங்குகிறது. காலி ஆசிட் கேனை நான் எவ்வளவு கழுவினாலும் தோட்டத்துக்குக் கொண்டுவர மாட்டேன். பழைய கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று நீல டிரம் ஒன்றை ஒருவர் வாங்கிவந்தார். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய காரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, திருப்பி அனுப்பினோம். முன்னால் அதில் என்ன இருந்தது என்று விற்கிறவர் சொல்ல முடியாத எந்தப் பாத்திரமும் வேண்டாம்.

நல்ல டிரம்மாகவே இருந்தாலும் வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் பட்டால் பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். அது பகலில் கடிக்கிற கொசு, நாம் தோட்டத்தில் இருக்கும் நேரமும் அதுதான். தேங்காய்த் தொட்டி, பூவாளி, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு எதையும் நிமிர்த்தி வைக்காதீர்கள்.

கிணற்றுக்குப் பக்கச் சுவர் மூன்றரை அடி, மேலே கம்பி வலை. வலையைத் தூக்கினால் இறக்கிவிட்டுத்தான் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும். வாளி விழுந்தது, செருப்பு விழுந்தது என்று யாரும் உள்ளே இறங்கக் கூடாது. இலைதழை அழுகுகிற கிணற்றில் காற்று கெட்டிருக்கும். இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழ, ஒரே வீட்டில் இரண்டு பேர் மூன்று பேர் போன செய்தியைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். எது விழுந்தாலும் பாதாளக் கரண்டி இருக்கிறது. ஆளே விழுந்தாலும் கயிறும் டியூபும் போடுங்கள், தீயணைப்பை அழையுங்கள்.

மோட்டார் சுவிட்சை ஈரக்கையால் தொடக் கூடாது, வெறுங்காலோடும் தொடக் கூடாது. எர்த் சரியாக இருக்கிறது, கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து நிறுத்திவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் போட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்ப்பது டீச்சர் அம்மா பொறுப்பு. அது தானாக விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள், எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பலகையில் எழுதிவிட்டு வாளியால் ஊற்றுங்கள்.

தண்ணீர் முறை பங்குக்கு 25 நிமிடம். சித்திரை வைகாசியில் கிணறு இறங்கும்போது 15. உங்கள் முறையில் வர முடியவில்லை என்றால் முந்தின நாளே சொல்லுங்கள், கேட்கிறவருக்குக் கொடுப்போம். சொல்லாமல் வராமல் இருந்துவிட்டு, மத்தியானம் வந்து மோட்டார் போடுவதுதான் எங்களுக்குள் வந்த சண்டைகளில் பாதிக்குக் காரணம். நனைத்து முடித்ததும் ஹோஸை நடைபாதையில் விடாதீர்கள், சுருட்டி ஆணியில் மாட்டுங்கள். டீச்சர் அம்மா ஹோஸில் கால் தட்டி விழுந்து மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தார். அந்த ஆறு வாரமும் அவர் பாத்திக்கு நாங்கள் மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டோம்.

கருவிகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண்வெட்டியை இலைப்பக்கம் தரையைப் பார்க்கச் சுவரில் சாத்துங்கள். கடப்பாரையைப் படுக்கவைக்கணும், அரிவாளையும் களைக்கொத்தையும் உயரக் கொக்கியில் மாட்டணும். இரவல் எடுத்தால் கழுவித் துடைத்து வையுங்கள். துருப்பிடித்த ஆணி குத்தினாலும் வெறும் முள் குத்தினாலும் ஒன்றுதான், மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி உண்டு. கடைசியாக எப்போது ஊசி போட்டோம் என்று நினைவில்லாதவர்கள் சேரும் முன் போட்டுவிட்டு வாருங்கள்.

பங்குனியிலிருந்து வைகாசி வரை காலை 6-லிருந்து 8.30 வரைதான் வேலை. சேலத்து வெயிலில் அதற்குமேல் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும். கோடை மழைக்கு இடி கேட்டால் தென்னைக்கு அடியில் ஒதுங்காதீர்கள், மோட்டார் ரூமுக்கு ஓடுங்கள். தென்னையடியில் மற்ற நாளிலும் உட்காரக் கூடாது. காய்க்கும் மட்டைக்கும் நேரம் காலம் கிடையாது.

பார்த்தீனியம் முளைத்தால், அது யார் பங்கில் இருந்தாலும், பூப்பதற்கு முன் பிடுங்குங்கள். கையுறை வேண்டும், சிலருக்கு அது பட்டால் தோல் தடித்துவிடும், மூச்சும் இளைக்கும். குப்பையை எரிக்கிற பழக்கம் இங்கே இல்லை. கோடையில் மலைப்புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். நோய் வந்த செடியை மட்டும் சாக்கில் கட்டி வெளியே எடுத்துப் போங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வேலியோரம் இருக்கும் அரளியும் ஆமணக்கும் தாத்தா வைத்தது, எடுக்கச் சொல்ல மனசில்லை. அரளியில் எல்லாமே விஷம், ஆமணக்கில் கொட்டை விஷம். குழந்தைகளைக் கூட்டிவரும் முதல் நாளே அந்தச் செடிகளுக்கு முன்னால் நிறுத்திக் காட்டிவிடுங்கள்.

அக்கம்பக்கம் பழகுவதில் ஒரு விஷயம் பெரிதாகத் தெரியாது, ஆனால் பெரிதாக ஆகும். அது நிழல். பீர்க்கு, புடலைப் பந்தலை உங்கள் பங்கின் வடக்கு ஓரத்தில் போட்டால், வடக்கே இருப்பவர் பாத்தி மார்கழியில் வெயில் பார்க்காது. வரப்பிலிருந்து ஐந்தடி தள்ளிப் போடுங்கள், அதையும் முன்னால் சொல்லிவிட்டுப் போடுங்கள். முருங்கை, பப்பாளி நட ஆசை இருந்தால் பொது இடத்தில்தான். முருங்கைக் கிளை சொல்லாமல் ஒடியும், ஏறவே கூடாது, தொரட்டியால் பறியுங்கள்.

அடுத்தவர் பாத்தியில் ஒரு மிளகாய் என்றாலும் கேட்டுப் பறியுங்கள். பழுத்து வீணாகிறதே என்று தோன்றும். அவர் அதை விதைக்கு விட்டிருப்பார். ரயில்வே மாமா ஒரு சுரைக்காயை நூல் கட்டி மூன்று மாதமாகக் காத்து வைத்திருந்தார். நல்லெண்ணத்தில் ஒருவர் அறுத்துக்கொண்டு போய் அவர் வீட்டிலேயே கொடுத்தார். மாமா முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

ஆடி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள். ஷூ, முழுக்கைச் சட்டை, தொப்பி அல்லது துண்டு, குடிக்கத் தண்ணீர். கேட் சாவி இடத்துக்காரர் தாத்தா வீட்டுத் திண்ணை ஆணியில் தொங்கும். எடுக்கும்போது "தாத்தா, எடுத்துக்கிறோமுங்க" என்று குரல் கொடுங்கள், அவருக்கு அது பிடிக்கும். உள்ளே வந்ததும் பலகையின் இடது ஓரத்தில் உங்கள் பெயர், பங்கு எண், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வீட்டு நம்பர் நான்கையும் எழுதுங்கள். அந்த ஓரத்தை நாங்கள் யாரும் அழிப்பதில்லை.